ஒன்பதாம் நம்பர் சட்டையை எங்கள் பையன்களிடம் கொடுங்கள்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் திரு. கல்யாண் சௌபே அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்களின் உரிமையாளர்களுக்கும்,

2025 மார்ச் 6ஆம் தேதி, இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய கோல்காரர் சுனில் சேத்ரி ஓய்வை விட்டுத் திரும்பி வருகிறார் என்று அறிவித்தீர்கள். நாடு முழுக்கக் கொண்டாட்டம். எனக்குக் கொண்டாட வரவில்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால், 2024 ஜூன் 6 அன்று, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் கண்கலங்கி விடைபெற்றுப் போன மனிதரை, 40 வயதில் மறுபடி கூப்பிட்டு, கோல் அடிக்க முன்னால் நடுவில் நிற்கும் ஒன்பதாம் நம்பர் ஆளாக நிறுத்தவேண்டிய நிலைமை 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கு ஏன் வந்தது என்று நீங்கள் அன்றைக்கும் சொல்லவில்லை, 2027 ஆசியக் கோப்பைக்கே தகுதி பெறாமல் வெளியேறிய பிறகும் சொல்லவில்லை. பயிற்சியாளரை மாற்றினீர்கள், அப்புறம் இன்னொருவரை மாற்றினீர்கள். கேள்வி அப்படியே கிடக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் வடசென்னையில் மாநகராட்சி கிரவுண்ட் ஒன்றில் சாயங்காலம் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பவன். பெரிய லைசென்ஸ் எதுவும் என்னிடம் இல்லை, சின்ன வயதில் சென்னை லீக் டிவிஷன்களில் ஆடியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் மேலே எடுக்கும் ஒவ்வொரு முடிவும் எங்கள் கிரவுண்டில் எந்தப் பையன் எந்த இடத்தில் நிற்க ஆசைப்படுகிறான் என்பது வரைக்கும் வந்து சேர்கிறது. அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சேத்ரியைப் பற்றியே பேசுகிறேன், ஏனென்றால் அவர் வாழ்க்கையை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். செகந்திராபாத்தில் பிறந்த ராணுவ வீட்டுப் பையன், அம்மா நேபாளப் பெண்கள் அணிக்கு ஆடியவர், டெல்லி சிட்டி கிளப், 2002இல் மோகன் பகான், அப்புறம் ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், டெம்போ, பெங்களூரு என்று போகும் அந்தப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். 2005 ஜூன் 12, குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம், அதிலேயே முதல் கோல். 2008இல் டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிரான ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியில் ஹாட்ரிக், அந்த ஒரு ஆட்டத்தால்தான் 2011 ஆசியக் கோப்பைக்குப் போனோம். அங்கே தோஹாவில் பஹ்ரைனுக்கு எதிராகவும் தென் கொரியாவுக்கு எதிராகவும் கோல். 2019இல் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தபோது இரண்டு கோல் அவருடையது. எல்லாம் சேர்த்து நாட்டுக்காக 95.

இதே வாழ்க்கைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2009இல் லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டும் பிரிட்டனில் வேலை அனுமதி கிடைக்கவில்லை, ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடத்துக்குள் இல்லை என்பது காரணம். அவர் திறமையை யாரும் குறை சொல்லவில்லை. அவர் நாட்டின் இடத்தைக் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். 2010இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போனார், லீக்கில் ஒரு ஆட்டம்கூட கிடைக்காமல் திரும்பினார். 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப், அங்கேயும் ரிசர்வ் அணியில் சில ஆட்டங்களோடு சரி. 24லிருந்து 28 வயது வரைக்கும், ஒரு ஃபார்வர்டின் உடம்பும் மூளையும் ஒன்றாகப் பழுக்கும் வயதில், அவர் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் 19 வருஷம் இந்த அணியைத் தூக்கிச் சுமந்தார். 2018இல் மும்பையில் சீன தைபேவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். திட்டுங்கள், ஆனால் நேரில் வந்து திட்டுங்கள் என்கிற அர்த்தத்தில் அவரே வீடியோவில் கெஞ்சவேண்டி வந்தது. அதற்கு அடுத்த ஆட்டம், அவருடைய நூறாவது, கென்யாவுக்கு எதிராக, டிக்கெட் தீர்ந்துபோனது. ஆள் கூட்டுவதும் அவர், கோல் அடிப்பதும் அவர், தோற்றால் மைக் முன்னால் நிற்பதும் அவர் என்று எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

அவரையே நம்பியிருந்தால் என்ன ஆகும், அவரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 காட்டியது. ஜனவரியில் கத்தார் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. அந்த மூன்றிலும் சேத்ரி இருந்தார், 39 வயதில். மார்ச்சில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஒரு கோல் இல்லாத டிரா, அப்புறம் கவுகாத்தியில் 1-2 தோல்வி. அந்த ஒரு கோலும் சேத்ரி அடித்த பெனால்டி, அவருடைய 150ஆவது ஆட்டம். குவைத்தோடு 0-0 ஆடி அவர் விடைபெற்றார். அதற்குப் பிறகு கத்தார், மொரீஷியஸ், சிரியா, வியட்நாம், மலேசியா. வருஷம் முழுக்க 11 ஆட்டம், ஒரு வெற்றி இல்லை. மொத்தம் 4 கோல். ஒன்று அந்தப் பெனால்டி, ஒன்று கோட்டோரம் ஆடும் விங்கர் சாங்தே அடித்தது, ஒன்று ஃபரூக் சௌத்ரி, ஒன்று பின்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் ராகுல் பேக்கே. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று அடிப்பதையே தொழிலாகக் கொண்ட சென்டர் ஃபார்வர்ட், பெனால்டியைத் தவிர்த்து அடித்த கோல் அந்த வருஷத்தில் எது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்களா?

திரும்பி வந்தவர் 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒன்று போட்டார். ஆறு நாள் கழித்து அதே ஊரில் வங்கதேசத்தோடு 0-0. ஜூனில் ஹாங்காங்கில் கடைசி நிமிடப் பெனால்டியில் 0-1. அக்டோபர் 14, கோவா ஃபட்டோர்டாவில் சிங்கப்பூரிடம் 1-2. அதோடு 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. சேத்ரி மறுபடி விலகிக்கொண்டார். நாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம், நடுவில் ஒன்றரை வருஷம் போய்விட்டது.

இது எப்போதும் இப்படி இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் ஆடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் பாய்ச்சுங் பூட்டியா வளர்ந்தார், இரண்டு பேரும் ஒன்றாக முன்னால் நின்றார்கள். 2003 ஹைதராபாத் ஆப்ரோ-ஆசிய விளையாட்டில் விஜயன் நான்கு கோல் அடித்துவிட்டு விடைபெற்றபோது பாய்ச்சுங் முழு ஆளாக இருந்தார். பாய்ச்சுங் தளரும்போது பக்கத்தில் சேத்ரி இருந்தார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தோளோடு தோள் ஆடி, அப்புறம் பொறுப்பை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து ராமன் விஜயன் 1997-98இல் தேசிய லீக்கிலேயே அதிக கோல் அடித்தார், நாங்கள் பேப்பரில் அவர் பேரைத் தேடிப் படித்தோம். சேத்ரிக்குப் பக்கத்தில் அப்படி யார் வளர்ந்தார்கள்? ஜெஜே லால்பெக்லுவா ஒருவர் இருந்தார். 56 ஆட்டத்தில் 23 கோல், சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் இன்றும் அவர் பாட்டைப் பாடுவார்கள். தாய்லாந்துக்கு எதிராக அந்த நான்காவது கோல் அவருடையதுதான். முழங்கால் போனது, அதோடு ஆட்டமும் போனது. இப்போது மிசோரமில் எம்.எல்.ஏ. அவருக்குப் பிறகு வரிசையில் ஆளே இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை, சீசனில் அதிக கோல் அடித்ததற்கான கோல்டன் பூட் விருது வாங்கியவர்களைப் பாருங்கள்: எலானோ, மெண்டோசா, மார்செலினோ, கோரோ இரண்டு முறை, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஒக்பெச்சே, டியேகோ மவுரிசியோ, டியமண்டகோஸ், அஜராய். பிரேசில், கொலம்பியா, ஸ்பெயின், லிதுவேனியா, நைஜீரியா, கிரீஸ், மொராக்கோ. 11 சீசன், ஒரு இந்தியர்கூட இல்லை. இதில் எலானோ, மெண்டோசா, வால்ஸ்கிஸ் மூன்று பேரும் சென்னை சட்டையில் அடித்தவர்கள், நேரு ஸ்டேடியத்தில் அவர்களுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தியவன் நான், அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் வரவேண்டும், அவர்களிடமிருந்து கற்கவேண்டும். 2014இல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்றிருந்ததை ஐந்தாக்கி, 2021-22 முதல் நான்காக்கியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவர் எந்த இடத்தில் ஆடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கையைக் குறைத்தீர்கள், அந்த இடம் மட்டும் பூட்டியபடியே இருக்கிறது.

இந்திய அணியின் ஃபார்வர்டாக மன்வீர் சிங்கை நிறுத்துகிறீர்கள். கிளப்பில், மோகன் பகானில், அவர் எங்கே ஆடுகிறார்? வலது விங்கில். நடுவில் வெளிநாட்டவர்கள்தான்: ராய் கிருஷ்ணா நின்றார், அப்புறம் பெட்ராடோஸ், கம்மிங்ஸ், மெக்லாரன் என்று வந்துகொண்டே இருந்தார்கள். வருஷம் முழுக்கக் கோட்டோரமாக ஓடி கிராஸ் போட்டுப் பழகியவரை, பத்து நாள் கேம்ப்பில் நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்டாப்பரை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தை அடக்கு என்றால் அவர் என்ன செய்வார்? பழி மட்டும் அவர்மேல் விழுகிறது. இஷான் பண்டிதா ஸ்பெயினில் ஆடிவிட்டு வந்தவர், அவரைக் கடைசி நேரத்தில் இறக்கிவிடும் ஆளாகத்தான் பெரும்பாலும் பார்த்தோம். சேத்ரியே கூட பெங்களூருவில் பல சீசன் இடது விங்கிலிருந்துதான் ஆடினார், நடுவில் வெளிநாட்டவரான மிக்கு நின்றார். நாட்டின் மிகப் பெரிய கோல்காரருக்கே கிளப்பில் நடு இடம் நிரந்தரமில்லை என்றால் 18 வயதுப் பையனுக்கு யார் தருவார்கள்?

இனி என் கிரவுண்டில் நடந்தது. பேர் சொல்லமாட்டேன், அவன் ஆடிக்கொண்டிருக்கிறான்.

சின்ன வயதிலேயே வந்து சேர்ந்த பையன். அப்பாவுக்கு காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. இந்தப் பையனிடம் நான் சொல்லித்தராமலே ஒன்று இருந்தது. கிராஸ் வரும்போது எல்லாப் பையன்களும் பந்தைப் பார்ப்பார்கள், இவன் ஸ்டாப்பரைப் பார்ப்பான். அவருக்குப் பின்தோள் பக்கம், அவர் கண்ணில் படாத இடத்தில் போய் நிற்பான், நடப்பது மாதிரி இரண்டு எட்டு பின்னால் போவான். விங்கில் இருப்பவன் காலைத் தூக்குவான், ஸ்டாப்பரின் தலை அந்தப் பக்கம் திரும்பும், அந்த நொடியில் இவன் அவருக்கு முன்னால் புகுந்து முன் போஸ்டில் இருப்பான். பெரிய உயரம் கிடையாது. ஆனால் முதல் தொடுதல் அவனுடையதாகத்தான் இருக்கும். ஐந்தரை அடி சொச்சம் உயரத்தோடு சேத்ரி அத்தனை கோல் தலையால் போட்டது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பையனைத்தான் காட்டுவேன். காம்பவுண்டு சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை முதுகு காட்டி நின்று அடக்கி, ஒரே சுற்றில் திரும்பி அடிப்பான், இருட்டி பந்து தெரியாமல் போகும் வரைக்கும்.

17 வயதில் ஒரு பெரிய கிளப்பின் இளையோர் அணி அவனை எடுத்தது. தெருவே பெருமைப்பட்டது. போன கொஞ்ச நாளிலேயே போன் வந்தது: "அண்ணா, என்னை ரைட் பேக் ஆடச் சொல்றாங்க." வலது ஓரத்தில் பின்னால் நின்று தடுக்கும் இடம் அது. நானே அந்தப் பயிற்சியாளரிடம் பேசினேன். அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: பையன் அருமையாக ஆடுகிறான், ஆனால் சீனியர் அணியில் நடு இடத்துக்கு எப்போதும் ஃபாரினர்தான் வருவார், அங்கேயே விட்டால் இவன் வாழ்நாள் முழுக்க பெஞ்சில்தான், ஸ்பீடு இருக்கிறது, பேக்குக்குப் போனால் பிழைத்துக்கொள்வான். அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது சரியான புத்திமதி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் இதைச் செய்யவில்லை, பையனின் நல்லதை நினைக்கிறவரே அவனை அந்த இடத்திலிருந்து நகர்த்தும்படி நீங்கள் வைத்திருக்கிற ஏற்பாடு இருக்கிறது.

லீவில் ஊருக்கு வரும்போது எங்களோடு ஆடுவான். கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் பந்து கிடைக்கும், கோலுக்கு முதுகு காட்டி நிற்பான். முன்பென்றால் திரும்பியிருப்பான். இப்போது தலையைத் தூக்கி, பக்கத்தில் சும்மா நிற்பவனுக்குத் தட்டிவிடுகிறான். பேக்கில் ஆடுபவன் பந்தை இழக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி அவன் உடம்பில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வருஷத்தில் பத்து வருஷப் பழக்கம் போய்விட்டது. இப்போது ஒரு துறை அணியில் ரைட் பேக்காக ஆடுகிறான், சம்பளம் வருகிறது, வீட்டில் நிம்மதி, அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் நாட்டுக்கு ஒரு சுமாரான ரைட் பேக் கிடைத்து ஒரு ஸ்ட்ரைக்கர் போய்விட்டான்.

இதற்கடுத்து வந்ததுதான் இன்னும் மோசம். இவன் கதை தெரிந்த சின்னப் பையன்கள் இப்போது டீம் பிரிக்கும்போதே கேட்கிறார்கள், "அண்ணா, நான் விங்ல ஆடுறேன், சென்டர்ல ஆடுனா டிரையல்ல எடுக்கமாட்டாங்க." பதினோரு வயது. அந்த வயதில் கோல் அடிக்கத்தானே எல்லாப் பையனும் அடித்துக்கொள்வான்? எங்கள் காலத்தில் ஃபார்வர்ட் ஆடுவதற்குச் சண்டையே நடக்கும். இப்போது நான் கெஞ்சி ஒருவனை நடுவில் நிறுத்துகிறேன்.

சௌபே அவர்களே, நீங்கள் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கோல்கீப்பராக நின்றவர். தனியாக ஓடிவரும் ஃபார்வர்ட் உங்களைக் கடந்து போவதா, பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டுவதா என்று யோசிக்கும் அந்த அரை நொடியில்தான் கீப்பர் பிழைக்கிறார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தயக்கம் பிறவியிலேயே வருவதில்லை. நூறு முறை அந்த இடத்தில் நின்று, எழுபது முறை தவறவிட்டு, அப்புறம்தான் போகும். எங்கள் பையன்களுக்குத் தவறவிடவே இடம் கொடுக்காமல், பெரிய ஆட்டத்தில் மட்டும் தவறவிடாதே என்கிறோம்.

கிளப் உரிமையாளர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கோடிக்கணக்கில் நஷ்டத்தில் நடத்துகிறோம், நான்கு ஆட்டம் தோற்றால் ரசிகர்களே பயிற்சியாளரை மாற்று என்று கத்துகிறார்கள், இதில் கற்றுக்குட்டியை எப்படி நடுவில் விடுவது? நியாயமான கேள்விதான். உங்கள் பணம், உங்கள் பயம். ஆனால் விட்டுப்பார்த்த இடத்தில் என்ன ஆனது என்றும் பாருங்கள். காரைக்குடி பக்கம் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன், ராமன் விஜயனின் அகாடமியில் வளர்ந்தவர், 2022-23இல் பெங்களூரு அவரை ராய் கிருஷ்ணாவோடு முன்னால் நிறுத்தியது, சேத்ரியையே பல ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து இறக்கினார்கள். டூராண்ட் கோப்பை இறுதியில் முதல் கோல் சிவசக்தி, கோப்பை பெங்களூருவுக்கு. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் ஆறு கோல், வளரும் வீரர் விருது, அணி இறுதிவரை போனது. கிளப் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. ஆனால் அது ஒரு பயிற்சியாளர் ஒரு சீசனில் எடுத்த துணிச்சல். அடுத்தவர் வந்தால் அதே துணிச்சல் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. விதியாக இருந்தால்தான் எல்லாக் கிளப்பும் ஒரே மாதிரி அந்தச் சிரமத்தைச் சுமக்கும், ஒருவர் மட்டும் நஷ்டப்பட வேண்டியிருக்காது.

2025-26 சீசனுக்கு நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. உங்களுக்கும் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடியப்போகிறது என்பது வருஷக்கணக்காகத் தெரிந்த விஷயம், அப்படியிருந்தும் செப்டம்பரில் தொடங்கவேண்டிய லீக் பிப்ரவரி வரை இழுத்தது, நடுவில் கிளப்கள் சம்பளத்தை நிறுத்தின, பயிற்சியை நிறுத்தின, தேசிய அணி வீரர்களே ஃபிஃபாவிடம் முறையிட்டு வீடியோ போட்டார்கள். கடைசியில் ஆளுக்கு 13 ஆட்டம் என்று சுருக்கினீர்கள். 13 ஆட்டத்தில் எந்தப் பயிற்சியாளர் புதுப் பையனைப் பரிசோதிப்பார்? ஒரு தோல்விக்கே மேலிருந்து கீழே விழும் கணக்கு அது. அனுபவசாலியான வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைத்தான் நம்புவார். சரி, மூத்த வீரர்களாவது எப்படியோ தாக்குப்பிடிப்பார்கள், 19 வயதில் இருந்தவனுக்கு அந்த வெற்று மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளி வீரர்களைக் கொண்டுவந்தால் தீரும் என்று இப்போது பேச்சு நடக்கிறது. ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு இந்தியக் குடியுரிமை வாங்கியிருக்கிறார், அந்த முடிவுக்குத் தலைவணங்குகிறேன், அவர் தாராளமாக ஆடட்டும். ஆனால் அவர் 30 வயதைத் தாண்டியவர். இரண்டு மூன்று வருஷத்துக்குக் கைகொடுப்பார், அதற்குப் பிறகு இன்னொருவரைத் தேடிப் போவதா? வெளியிலிருந்து வருபவர் வரட்டும், அதற்காக உள்ளே இருப்பவனைத் தேடாமல் இருக்கக்கூடாது.

இனி நான் கேட்பவை. என்னைப்போல் மாநகராட்சி கிரவுண்டிலும் பள்ளி மைதானத்திலும் சம்பளமில்லாமல் நிற்கும் பலரும் இதையேதான் கேட்பார்கள்.

ஐ.எஸ்.எல். தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு சீசனிலும் சென்டர் ஃபார்வர்ட் இடத்தில் இந்திய வீரர்களை எத்தனை நிமிடம் ஆடவிட்டது என்ற கணக்கைப் பொதுவில் வையுங்கள். ஆட்டங்களின் பதிவு எல்லாம் உங்களிடம் இருக்கிறது, எடுத்துப் போடுவது கஷ்டமான வேலை இல்லை. அந்தப் பட்டியல் வெளியே வந்தால் நான் இங்கே எழுதியதில் பாதியை எழுதவே தேவை இருந்திருக்காது.

அடுத்த சீசனிலிருந்து, ஒரு கிளப் ஆடும் மொத்த நிமிடங்களில் கால் பங்காவது 23 வயதுக்குட்பட்ட இந்தியர் ஒருவர் நடுவில் முன்னால் ஆடவேண்டும் என்று லீக் விதியில் சேருங்கள். கால் பங்குதான் கேட்கிறேன், முக்கால் பங்கு உங்கள் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்கே. விங்கில் நிறுத்திவிட்டு ஃபார்வர்ட் என்று கணக்குக் காட்டினால் செல்லாது. அதை மேட்ச் கமிஷனர் பார்த்துச் சொல்லட்டும். பின்பற்றாத கிளப்பின் பொது வருமானப் பங்கில் பிடித்தம் செய்து, அந்தப் பணத்தை அதிக நிமிடம் ஆடவிட்ட கிளப்புக்குக் கொடுங்கள்.

ஐ.எஸ்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களைப் பதிவு செய்வதை ஐந்து வருஷத்துக்கு நிறுத்துங்கள். மற்ற இடங்களுக்கு அவர்கள் வரட்டும். இந்தியப் பையன் வாராவாரம் 90 நிமிடம் நடுவில் நின்று, அடித்து, தவறவிட்டு, மறுபடி அடிக்க ஒரு லீக்காவது இருக்கவேண்டும்.

இளையோர் லீக்கை வருஷத்துக்கு முப்பது ஆட்டமாவது வரும்படி நீட்டுங்கள். சீனியர் லீக்கின் ஒப்பந்தத் தகராறு எதுவானாலும் இளையோர் ஆட்டம் ஒரு வாரம்கூட நிற்காது என்று எழுத்தில் கொடுங்கள்.

விஜயன், பாய்ச்சுங், ராமன் விஜயன், ஜெஜே, சேத்ரி எல்லோரும் நம்மோடு இருக்கிறார்கள். ஃபார்வர்ட்களுக்கென்றே ஒரு தேசியப் பயிற்சித் திட்டம் தொடங்கி, அவர்களை அழைத்து, மாநிலத்துக்கு ஒரு கேம்ப் நடத்துங்கள். விழா மேடையில் சால்வை போடுவதற்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். அந்தக் கேம்ப்களுக்கு அகாடமிப் பையன்களை மட்டும் எடுக்காமல், எங்களைப் போன்ற தெருக் கிரவுண்டுகளிலிருந்தும் ஆள் தேடி வாருங்கள். வருகிறவருக்கு என் கிரவுண்டைக் காட்டுகிறேன். இப்போதைக்கு நடுவில் ஆட ஒத்துக்கொண்ட பையன் ஒருவன் அங்கே இருக்கிறான்.

இந்த மடலுக்கு எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். இந்த ஐந்தில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசி, கூட்டக் குறிப்போடு பொதுவில் வெளியிடுங்கள்.